பால்மரம், செம்பனை, தகடு

சோலார் வந்து விவசாய நிலத்தையெல்லாம் விழுங்கிவிடும் என்று ஒரு பேச்சு நம்மிடையே கிளம்பியிருக்கிறது. கல்யாண வீடு, கோயில் திருவிழா, சித்தியவான் காப்பிக்கடை என்று எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, பெரிய உண்மையைப் போட்டு உடைத்தவர்போல நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார். பக்கத்திலேயே இன்னொருவர் இருப்பார். அவர் வீட்டுக் கூரையில் தகடு போட்டாயிற்று, சுவரில் பேட்டரியும் மாட்டப்போகிறார். "இனிமே தெனாகாவுக்கு டாட்டாதான்" என்பார். இவர்கள் இருவரும் எதிரெதிர்க் கட்சி என்று நினைத்துக்கொண்டு குரலை உயர்த்துகிறார்கள். எனக்கு இருவரும் ஒரே கட்சியாகத்தான் தெரிகிறார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, கூரை யார் பெயரில் இருக்கிறது என்று இருவருமே கேட்பதில்லை.

முதலில் அந்த ‘விவசாய நில’த்தைப் பார்த்துவிடலாம். ஆயர் தாவாரிலிருந்து மோட்டாரை எந்தப் பக்கம் விட்டாலும் செம்பனைதான். சொகோமானா பக்கம் போங்கள், சுங்கை வாங்கி பக்கம் போங்கள், புருவாஸ் ரோட்டில் போங்கள்; அதே மரம், அதே நிழல், அதே லோரி. நடுவில் அங்கங்கே சீனர்களின் காய்கறிக் கொல்லையும் நம் ஆட்கள் கட்டிய நாலு மாடும் இருக்கும். பேராக்கில் நெல் பார்க்க வேண்டுமென்றால் கிரியானுக்கோ செபெராங் பேராக்குக்கோ போக வேண்டும். அந்த வயல்களில் யாராவது தகடு நட வந்தால் நானும் மறியலில் வந்து உட்காருகிறேன். ஆனால் இங்கே நாம் கண்ணீர் விடுவது எந்த விவசாயத்துக்கு? பால்மரக் காட்டை அழித்துவிட்டு வந்த செம்பனைக்கா?

கணக்கும் அந்தக் கண்ணீருக்கு ஒத்துவரவில்லை. நிலத்தில் நடும் சோலாருக்கு ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் பிடிக்கும், சுமாராக 2 ஹெக்டேர். பத்தாயிரம் மெகாவாட் நட்டால் 20,000 ஹெக்டேர். வெயில் ஏறிய நேரத்தில் தீபகற்பத்தின் உச்சத் தேவையில் பாதிக்கு அது கிட்டத்தட்ட வந்துவிடும். இந்த நாட்டில் செம்பனை நிற்பதோ 56 லட்சம் ஹெக்டேருக்கு மேல். நூற்றில் அரைப் பங்குகூடத் தேவைப்படாது. இன்னொன்றும் உண்டு. டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்க வேண்டும் என்பது இங்கே விதி. அதாவது எரிப்பதற்கென்றே ஏற்கனவே செம்பனை வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு ஹெக்டேர் செம்பனை ஆண்டுக்கு மூன்றரை, நாலு டன் எண்ணெய் தரும். அதை எரித்தால் 40 மெகாவாட்-மணி அளவுக்கு வெப்பம். அதே ஹெக்டேரில் தகடு நட்டால் ஆண்டுக்கு 600 மெகாவாட்-மணிக்கு மேல் மின்சாரமாகவே கிடைக்கும். ‘சோலார் மண்ணைத் தின்கிறது’ என்பவர் எதை எதோடு ஒப்பிட்டார் என்று தெரியவில்லை.

நம் மாவட்டத்துக்காரர்கள் இதில் இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மஞ்சோங் கடற்கரையில் சுல்தான் அஸ்லான் ஷா மின்நிலையம் நிற்கிறது. கடலைத் தூர்த்த தீவில் 4,100 மெகாவாட், எல்லாம் நிலக்கரி, அதுவும் கப்பலில் வருவது. செகாரியில் இன்னொரு நிலையம், அது எரிவாயு. நாட்டுக்கு விளக்கேற்றிக்கொண்டு சாம்பலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிற மாவட்டம் இது. நிலக்கரி நிலையங்களை 2044-க்குள் மூடுவதாக அரசு சொல்லியிருக்கிறது. மூடட்டும். அந்த இடத்துக்கு வெயில் வருவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

அப்படியானால் எதற்கு இந்தக் கட்டுரை என்று கேட்பீர்கள். எவ்வளவு நிலம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. எந்த நிலம் என்பதில்தான்.

சோலார் பண்ணை போடுகிற கம்பெனி எதைத் தேடும்? மேடுபள்ளம் இல்லாத தரை. நிழல் விழாத இடம். பேரம் பேச ஒரே ஒரு முதலாளி. முக்கியமாக, பக்கத்தில் மின்கம்பி. தூரத்திலிருந்து கம்பி இழுத்தால் லாபம் எல்லாம் அதிலேயே போய்விடும். மஞ்சோங்கிலிருந்து கிளம்பும் 500 கிலோவோல்ட் கம்பி ஆயர் தாவார் துணைமின் நிலையத்துக்குத்தான் வந்து சேருகிறது. வடக்கேயும் தெற்கேயும் பெரிய கம்பிகள் இங்கிருந்துதான் பிரிகின்றன. சுற்றிலும் தட்டையான செம்பனைத் தோட்டங்கள். செம்பனைக்கு ஆயுசு 25 வருடம். மரம் கிழடாகிக் குலை குறைந்ததும் வெட்டிவிட்டு மறுநடவு செய்ய வேண்டும், புதுக்கன்று காய்க்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். பெரிய சோலார் திட்டங்களை எரிசக்தி ஆணையம் 2016-இலிருந்து ஏலம் விடுகிறது. ஆரம்பச் சுற்றுகளின் மின்விற்பனை ஒப்பந்தம் 21 ஆண்டு. கவனித்தீர்களா, கிட்டத்தட்ட ஒரு செம்பனையின் ஆயுசு. மறுநடவு நேரத்தில் முதலாளி மேசையில் இரண்டு தாள் இருக்கும். ஒன்று கன்றுக்கான செலவுக் கணக்கு, இன்னொன்று தகட்டுக்கான வாடகைக் கணக்கு. இரண்டாவதில் கையெழுத்துப் போடுவதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, கணக்குத் தெரிந்தால் போதும்.

இது கற்பனை இல்லை. சுங்கை சிப்புட்டில் சினார் காமிரி என்ற பெயரில் 49 மெகாவாட் பண்ணை ஓடிக்கொண்டிருக்கிறது. சைம் டார்பி பிளாண்டேஷன் 2024-இல் எஸ்டி கத்ரி என்று பெயரை மாற்றிக்கொண்டு, தோட்ட நிலங்களில் சோலாருக்கு இடம் ஒதுக்கப்போவதாக அறிவித்தது. கத்ரி என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1981 செப்டம்பரில் ஒரே காலையில் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி கம்பெனியை மலேசியா வாங்கிப் போட்ட கதையை நாம் தேசப் பெருமையாகப் படித்தோம். பெருமைதான். மறுநாள் காலையில் லயத்தில் இருந்தவனுக்கு என்ன மாறியது? பெரட்டுக்கு அதே நேரத்தில்தான் போனான். 2007-இல் மூன்று பெரிய கம்பெனிகள் ஒன்றாகின, 2024-இல் பழைய பெயர் திரும்பி வந்தது. பலகையில் பெயர் மாறும் ஒவ்வொரு முறையும் மரமோ தகடோ ஏதோ ஒன்று புதிதாக வந்தது. லயத்துக்காரன் பெயர் மட்டும் எந்தப் பத்திரத்திலும் ஏறவே இல்லை.

வேலிக்குள்ளே இருப்பவர்களைப் பற்றிப் பேசுவோம். தோட்டம் என்று தாளில் எழுதியிருக்கும் இடத்துக்குள் கடைசியாகத் தங்கிவிட்ட நாலைந்து லயக் குடும்பங்கள் இருக்கலாம். ஓரத்தில் மாடு மேய்க்கிறவர் இருப்பார். ஒரு முனீஸ்வரர் இருப்பார், அவருக்கும் கெரான் கிடையாது. அரசு நிலமாக இருந்தால் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில், சிலர் அதுவும் இல்லாமல், கீரையும் வெண்டையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஏலத்தில் கேட்கப்படும் எந்தத் தாளிலும் இவர்களுக்குக் கட்டம் இல்லை. செம்பனையாவது ஏறத்தாழ பத்து ஹெக்டேருக்கு ஓர் ஆளுக்கு வேலை தரும். 50 மெகாவாட் சோலார் பண்ணை வந்துவிட்டால் நூறு ஹெக்டேருக்கும் காவலுக்கு இரண்டு பேர், புல் வெட்ட, தகடு கழுவ நாலு பேர். செம்பனைத் தோட்டத்தில் மாடு நுழைந்தால் திட்டு. தகட்டுத் தோட்டத்தில் நுழையவே முடியாது.

கந்தானில் நடந்ததை மறந்துவிட்டோமா? 2023 அக்டோபரில், பல காலமாகக் காய்கறி பயிரிட்டு வந்தவர்களின் கொல்லைகள் இயந்திரம் விட்டு அழிக்கப்பட்டன. தடுக்கப் போன மலேசிய சோசலிசக் கட்சியின் எஸ். அருட்செல்வன் கைது செய்யப்பட்டார். நிலம் மாநில மேம்பாட்டுக் கழகத்துக்குச் சொந்தமாம், அங்கே தொழில்நுட்பப் பூங்கா வர வேண்டுமாம். வந்தது சோலார் இல்லைதான். ஆனால் முறை இதேதான்: முதலில் தாள், பிறகு காவல், பிறகு இயந்திரம். இப்போது அந்த இயந்திரத்துக்குப் பச்சைக் கொடி வேறு கட்டிவிடுவார்கள். பூமியைக் காப்பாற்ற வந்த திட்டத்தை எதிர்ப்பவன் யார், பாவியல்லவா!

தமிழ்நாட்டிலிருந்து ஓர் உதாரணம் பார்க்கலாம். ராமநாதபுரம் கமுதியில் 2016-இல் அதானி குழுமம் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் பண்ணை போட்டது. அங்கேயும் சண்டை இருந்தது. மானாவாரிக்காரர் விற்றுவிட்டுப் போனார், விலை போதாது என்றார். ஆனால் விற்க அவரிடம் பட்டா என்று ஒன்று இருந்தது, அதை வைத்து ஏக்கருக்கு இவ்வளவு என்று மல்லுக்கட்டவாவது முடிந்தது. நாலு தலைமுறை இந்த மண்ணில் பால் வெட்டிய நமக்கு மல்லுக்கட்டுவதற்குக்கூட ஒரு துண்டுத் தாள் கிடையாது.

இப்போது அந்த இரண்டாவது ஆளிடம் வருகிறேன், பேட்டரிக்காரரிடம்.

மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் ஆசை எனக்குப் புரியாததல்ல. நான் வளர்ந்த தோட்டத்தில் இஞ்சின் ஆறு மணிக்குப் போடுவார்கள், பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். துரை பங்களாவில் மட்டும் விடிய விடிய விளக்கு எரியும். பத்து மணிக்கு விளக்கு ஒருமுறை மங்கி எழுந்தால் இன்னும் ஐந்து நிமிடம்தான் என்று அர்த்தம்; அம்மா பாயைத் தட்டிப் போடுவார். மின்சாரம் என்பது இன்னொருவன் கையில் இருக்கிற சாவி என்று அந்த வயதிலேயே தெரிந்துகொண்ட சனம் நாங்கள். சாவி என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று ஒருவர் சொன்னால் எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 1-இல் வந்த புதிய கட்டணத்தில் நேரத்துக்கு ஒரு விலை என்ற திட்டம் வீடுகளுக்கும் உண்டு. மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு உச்ச நேரத்தில் ஆற்றல் கட்டணம் 28.52 சென், மற்ற நேரத்தில் 24.43 சென். வித்தியாசம் நாலு சென்! இரவில் மலிவாக நிரப்பி, பகல் இரண்டு மணிக்கு மேல் செலவழிக்கலாம் என்று பத்து யூனிட் பேட்டரி வாங்கினால் நாளைக்கு 41 சென் மிச்சம். உச்ச நேரம் என்பது வேலைநாளில் மட்டும். ஆக ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் வெள்ளி. பேட்டரி பத்தாயிரம் வெள்ளி என்றே வைத்துக்கொண்டாலும் போட்ட காசு திரும்ப தொண்ணூறு வருடம் ஆகும். பேரன் கைக்கு வருமா என்பதும் சந்தேகம். தகடும் சேர்த்து வைத்திருப்பவருக்குக் கணக்கு கொஞ்சம் தேறும். கொடுத்த யூனிட்டுக்கு அதே யூனிட் என்ற பழைய ஏற்பாடு 2025 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. அதுவரை தெனாகாவின் கம்பியே இலவச பேட்டரியாக இருந்தது, இப்போது மிச்சத்தை வீட்டிலேயே பிடித்துவைக்கக் காரணம் வந்திருக்கிறது. ஏர்கோன் மூன்று ஓடுகிற வீட்டுக்கு இது நல்ல செய்தி.

ஏர்கோன் இல்லாத வீட்டுக்கு? மாதம் 200 யூனிட்டுக்குள் எரிப்பவருக்கு யூனிட்டுக்கு 25 சென் கழிவு உண்டு. 44.43 சென்னில் அதைக் கழித்தால் 19.43. இருநூறு யூனிட்டுக்கு 39 வெள்ளி. அந்த வீட்டுக் கூரையில் இருபதாயிரம் வெள்ளிக்குத் தகடு போட்டு எதை மிச்சம் பிடிப்பது? 2024 ஏப்ரலில் அரசு கொடுக்கத் தொடங்கிய உதவித்தொகை கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி, அதிகபட்சம் 4,000. மீதியைக் கையிலிருந்து போட முடிந்தவருக்குத்தான் அந்த நாலாயிரமும் போனது. மக்களுக்கு உதவி என்று பெயர், வாங்கியவர் வீட்டில் இரண்டு கார். தோட்டத்திலிருந்து வெளியேறிய நம் சனத்தில் எத்தனை பேர் ஐந்து மாடி மலிவு வீட்டில் இருக்கிறார்கள்! அங்கே மூன்றாம் மாடிக்காரருக்குக் கூரை என்பது நாலாம் மாடிக்காரரின் தரை.

வெளிநாட்டிலும் இதே சங்கதிதான். நமக்குப் புதுக் கட்டணம் வந்த அதே 2025 ஜூலை 1-இல் ஆஸ்திரேலிய அரசு வீட்டு பேட்டரிக்கு முப்பது விழுக்காடு அளவுக்கு விலைக்குறைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சனம் வரிசையில் நின்றது. வாடகை வீட்டில் இருப்பவர் மட்டும் வேடிக்கை பார்த்தார். பாகிஸ்தான் 2024-இல் மட்டும் 17 கிகாவாட் அளவுக்குத் தகடு இறக்குமதி செய்தது. கட்டணம் தாங்காமல் வசதியுள்ளவர்கள் கூரைக்கு மாறினார்கள். மின்நிலையங்களுக்குக் கட்ட வேண்டிய நிலையான தொகை குறையவில்லை. அது கம்பியை விட்டுப் போக முடியாதவர்களின் தலையில் ஏறுகிறது. "தெனாகாவுக்கு டாட்டா" என்று சொல்கிறவர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டாட்டா காட்டுவது தெனாகாவுக்கு இல்லை. கம்பியின் மறுமுனையில் இருக்கிற மலிவு வீட்டுக்காரருக்கு.

‘நிலத்தை விடுங்கள், கூரையில் மட்டும் போடுங்கள்’ என்று சொல்லும் நண்பர்களுக்கும் இதே பதில்தான். கூரை நல்ல இடம். அரசின் 2021 திட்ட வரைவே கூரைகளில் 42 கிகாவாட் சாத்தியம் என்கிறது. தொழிற்சாலைக் கூரை, கிடங்குக் கூரை, பேரங்காடிக் கூரை எல்லாவற்றிலும் முதலில் போடட்டும். ஈயம் தோண்டிப் பாழாய்ப்போன நிலமும் குட்டைகளும் கிந்தா முழுக்கக் கிடக்கின்றன, அதிலும் போடட்டும். ஆனால் கூரை மட்டும் என்றால் வெயிலின் லாபம் கூரை உள்ளவருக்கு மட்டும் என்றும் அர்த்தமாகிறது. நம்மவரில் கூரை இல்லாதவரின் பங்கு எங்கே இருக்கிறது? அவர் வேர்வை விட்ட அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே வரப்போகும் தகட்டில் அவருக்குப் பங்கு வேண்டும் என்கிறேன். பந்துவான் வேண்டாம், ஹம்பர் வேண்டாம், பங்கு.

இது புது யோசனை அல்ல. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடல் என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் பெரியவர்களுக்கு முகம் மாறும். அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால் வெட்டுகிறவரே தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆகலாம் என்று சொல்லிக் காட்டிய முயற்சி அது. அன்று நிலத்தை வாங்கப் பணம் சேர்க்க முடிந்தது என்றால், இன்று தோட்ட நிலத்தில் வரும் ஒவ்வொரு சோலார் பண்ணையிலும் ஒரு பங்கை அந்தத் தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் கூட்டுறவுக்கு ஒதுக்க வேண்டும் என்று ஏல நிபந்தனையில் எழுதவைப்பது அவ்வளவு பெரிய காரியமா? ஏல நிபந்தனைகளில் உள்நாட்டவருக்கு இவ்வளவு பங்கு என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வரி எழுத மை தீர்ந்துவிடாது.

"கூட்டுறவா, ஐயோ, மைக்காவைப் பார்த்தாச்சே" என்று உடனே ஒரு குரல் வரும். நியாயமான குரல். 1980-களில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மைக்கா ஹோல்டிங்ஸில் பணம் போட்டார்கள், நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. கடைசியில் 2010-இல் பங்குக்கு 80 சென் என்று முடிந்தது. ஆனால் மைக்காவில் எந்தத் தொழிலில் பணம் போகிறது என்று பங்குதாரருக்குத் தெரியாது. சோலார் பண்ணை அப்படி ஒளிந்துகொள்ள முடியாத தொழில். எத்தனை யூனிட் என்று மீட்டர் சொல்லும், யூனிட்டுக்கு என்ன விலை என்று ஒப்பந்தம் சொல்லும், பெருக்கிப் பார்க்க மூன்றாம் வகுப்புக் கணக்கு போதும். ஏமாற்ற வேண்டுமென்றால் கொஞ்சம் சிரமப்பட வேண்டும்.

பேட்டரியையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, இடம் மாற்றி வைக்கச் சொல்கிறேன். பலருக்குத் தெரியாத விஷயம்: கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வெயில் கொளுத்தும்போதும் பேட்டரி இல்லாத வீடு இருட்டுதான். மழைக்காலத்தில் தாழ்ந்த கம்பங்களில் தண்ணீர் ஏறினால் முதலில் துண்டிப்பது மின்சாரத்தை. சனம் போய்த் தங்குவது பள்ளிக்கூடத்தில். பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கூரை இருக்கிறது. பகலில் மட்டும் நடக்கும் இடம் என்பதால் வெயிலும் தேவையும் ஒரே நேரத்தில் வரும். பேட்டரி மானியம் என்று ஒன்று வருமானால் அது முதலில் அங்கே போகட்டும். மருந்தைக் குளிரில் வைக்கவும், கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றவும், கைக்குழந்தைக்கு வெந்நீர் போடவும் அது ஒரு கம்பத்துக்கே உதவும். மூன்று ஏர்கோன் வீட்டின் சுவரில் இருப்பது அந்த வீட்டுக்கு மட்டும்தான்.

தகட்டுக்குக் கீழே பயிர் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். புத்ரா பல்கலைக்கழகத்தில் தகட்டுக்குக் கீழே பூனைமீசை மூலிகை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள், வளர்கிறது. ஆடும் மேயலாம். அந்த ஆட்டை யார் மேய்ப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதினால் சரி. இல்லையென்றால் விளம்பரப் படத்தில் மட்டும்தான் ஆடு மேயும்.

நம் கட்சிகளும் சங்கங்களும் இப்போது என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இயந்திரம் வந்த பிறகு ஓடிவந்து படம் எடுத்துக்கொள்வதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை சலிப்பூட்டுவது, படத்துக்கு ஒத்துவராதது. ஆயர் தாவார் வட்டாரத்தில் அடுத்த ஐந்து வருடத்தில் மறுநடவுக்கு வரும் தோட்டங்கள் எவை என்று அந்தந்தத் தோட்டத்து மண்டோருக்குத் தெரியும். அந்தத் தோட்டங்களுக்குள் இப்போது எத்தனை குடும்பம், எத்தனை கொல்லை, எத்தனை மாடு, எந்தக் கோயில், எந்த வருடத்திலிருந்து என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒரு நகலை நில அலுவலகத்திலும் ஒரு நகலை எரிசக்தி ஆணையத்திலும் கொடுத்து, ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை வாங்கிவிட வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. நில நிதிச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் யாராவது அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து, நம் தோட்டங்களில் மறுநடவு எப்போது, சோலார் பற்றிப் பேசினீர்களா, பேசியிருந்தால் லயத்துக்காரர்களுக்கு என்ன பங்கு என்று மூன்றே கேள்வி கேட்கலாம். பதிலைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், வாய்ச்சொல்லாக வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.